கிரேக்க மலைகளைச் சாட்சிக்கு அழைத்தேன்

ஓர் உயர்நிலைப் பள்ளி எந்த ஊரில் வர வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பேருந்து நிற்கும் ஊரில் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதை அப்படியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கிரேக்க நாட்டின் மலைகளைச் சாட்சிக்கு அழைத்தேன். கேட்ட அதிகாரி நம்பிவிட்டார். அந்தப் பொய்யில் ஒரு பெண்ணின் படிப்பு போனது.

ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்களான உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பாடம் நடத்தும் முறை, தேர்வு, பதிவேடு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தத் தவறு மட்டும்தான் என்னிடம் தனியாக இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

முதலில் கிரேக்க நாடு எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரியம் பொய்யல்ல. பொய்க்கு நான் அதைப் பயன்படுத்தியதுதான் தவறு.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையில், அப்போஸ்தலர்கள் பயணம் போன வழிகளைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்று தொங்கியது. மற்ற பிள்ளைகள் அதிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். நான் கோட்டுக்கு அடியில் கிடந்த நிலத்தைப் பார்த்தேன். ஆடு கடித்துத் துப்பிய இலை மாதிரி இருந்தது. தரைக்குள் கடல் விரல் விரலாக நுழைந்திருந்தது. கடலுக்குள் தரை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. கொரிந்து என்ற பெயர் கோயிலில் அடிக்கடி காதில் விழும். அந்த ஊர் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு நூல் போன்ற தரையில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் காற்றடித்தால் அறுந்துவிடாதா என்று ஆசிரியரிடம் கேட்டேன். பேசாமல் ஜெபம் பண்ணு என்றார்.

கேள்வி என்னோடு கல்லூரிக்கும் வந்தது. புவியியல் படித்தபோது ஒவ்வொன்றாக விடை தெரிந்தது, விடையைவிட அதிகமாகக் கேள்விகள் முளைத்தன. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு முதுகெலும்பு போலப் பிண்டஸ் மலைத்தொடர் இறங்குகிறது. அது கடலில் முடிவதில்லை. கடலுக்குள் மூழ்கி நடந்துகொண்டே போகிறது, அதன் உச்சிகள்தான் தீவுகளாக வெளியே தலைநீட்டுகின்றன. அந்த நாட்டில் எங்கே நின்றாலும் மலை தெரியும், கடலும் அதிகத் தொலைவில் இருக்காது. மலையெல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் கல் நீரைக் குடித்துவிடும். சில உள்நாட்டுச் சமவெளிகளில் ஆறு ஓடிவந்து ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போகும். மலைக்கு அந்தப் பக்கம் ஊற்றாக எழும். அந்தக் குழி அடைத்துக்கொண்டால் வயல் ஏரியாகிவிடும். அங்கே வாழ்ந்த பழைய கிரேக்கர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று வகுப்பு நேரம் போக யோசித்துக்கொண்டே இருப்பேன்.

இதையெல்லாம் சுருக்கி வகுப்பில் ஒரு வாக்கியமாகச் சொல்வேன்: மலை பிரித்தது, கடல் இணைத்தது. மலைகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சமவெளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நகர அரசு. பக்கத்து ஊர்க்காரன் அந்நியன், கடல் தாண்டிய ஊர்க்காரன் வியாபாரக் கூட்டாளி. கேட்பதற்கு அழகான வாக்கியம். பிள்ளைகள் தேர்வில் அதை எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

அப்போது நான் ஆத்துக்கொல்லை நடுநிலைப் பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியர். ஆத்துக்கொல்லை ஓடைக்கரை ஊர். திருப்பத்தூர் பேருந்து அங்கே வந்து திரும்பும். மாலையில் அதில் ஏறினால் வீட்டுக்குப் போய் மின்விசிறிக்கடியில் உட்காரலாம், கோயில் பாடகர் குழுவின் ஒத்திகைக்கும் போகலாம். ஊருக்குப் பின்னால் ஒரு நீண்ட மலைமுகடு. அதன் நடுவில் சேணம் போலத் தாழ்ந்த இடத்தில் கணவாய்மேடு என்ற ஊர். அங்கேயும் ஒரு நடுநிலைப் பள்ளி. பேருந்து கிடையாது. முகட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் சாமைக்கொல்லையும் வேறு சில சிற்றூர்களும். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆத்துக்கொல்லைக்கு வர இரண்டு வழி: கணவாய்மேட்டுக்கு ஏறி இந்தப் பக்கம் முழுக்க இறங்கலாம், அல்லது மலையைச் சுற்றிவரும் ஓடையின் வறண்ட மணலில் சமதரையாக நடந்து வரலாம்.

இரண்டு பள்ளிகளில் ஒன்று உயர்நிலைப் பள்ளியாகும் என்று செய்தி வந்தது. கணவாய்மேட்டுக்குப் போனால் தலைமையாசிரியர் மேலேயே தங்க வேண்டியிருக்கும். அந்தப் பதவி எனக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

சித்திரை வெயிலில் ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்லவர், வேலைக்குப் புதியவர். மேசையில் நிலவரைபடத்தை விரித்தார்.

"சார், ரெண்டு ஊர்க்காரங்களும் எங்களுக்குதான் வேணும்ங்கறாங்க. சாயங்காலம் ரிப்போர்ட் போயாகணும். நீங்க ஜியாக்ரஃபி ஆளு. எது சரின்னு நீங்களே சொல்லுங்க."

நான் முகட்டின் மேல் விரலை வைத்தேன்.

"மேடம், கிரீஸ எடுத்துக்கோங்க. எங்க பாத்தாலும் மலை. அதனால ஒரு பள்ளத்தாக்கு ஆளு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகல. ஒவ்வொண்ணும் தனி ராஜ்யமாப் போச்சு. மலை மனுஷனப் பிரிக்கும். முகட்டு மேல ஸ்கூல் வச்சா இந்தச் சரிவும் வராது, அந்தச் சரிவும் வராது. ஓடையோரம் வச்சா எல்லாரும் சமதரையில நடந்து வந்துடலாம்."

அவர் விரலால் ஓடையைத் தொட்டுக்கொண்டே போனார்.

"ஏத்தம் எறக்கம் இல்லாமத்தான் தெரியுது. இருந்தாலும் நான் ஒரு தடவ மேல ஏறிப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

நான் இதுவரை சொன்னது பாதிப் பொய். முழுப் பொய்யைச் சொன்ன இடம் இதுதான். ஏறிப் பார்த்திருந்தால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நானே அதுவரை மேலே ஏறியதில்லை.

"இந்த வெயில்ல எதுக்கு மேடம்? மேல ஒண்ணும் இல்ல. கல்லும் பொதருந்தான்."

அவர் நன்றி சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். ஜீப் மறைந்ததும் கணித ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். கணியம்பாடிக்காரர், பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் தங்கியிருந்தவர்.

"சார், ஒரு டவுட்டு."

"இன்னா டீச்சர்?"

"அந்த கிரீஸ்ல கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

ஆத்துக்கொல்லை உயர்நிலைப் பள்ளியானது. அந்த ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியபோது, கணவாய்மேட்டில் எட்டு முடித்த பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி கௌசல்யா, சாமைக்கொல்லைச் சடையனின் மூத்த மகள். வாயும் அதிகம், சிரிப்பும் அதிகம். ஓடைவழியாக வரும் பெண்பிள்ளைகளுக்கு அவள்தான் தலைவி.

கிரேக்கப் பாடம் வந்ததும் பள்ளி முற்றத்தின் மூலையில் அந்த நாட்டை மண்ணால் செய்வோம் என்றேன். பிள்ளைகள் செம்மண் சுமந்து வந்தார்கள். நீலப் பாலித்தீன் விரித்துக் கடல் செய்தோம். கௌசல்யா பிண்டஸ் மலைக்குச் சாணி கலந்து குழைத்தாள், அப்போதுதான் வெடிக்காதாம். உள்நாட்டுச் சமவெளி ஒன்றில் குழி தோண்டி, அடியில் குழாய்த் துண்டு புதைத்து, மலைக்கு அந்தப் பக்கம் வாய் விட்டோம். ஆறுகளை விரலால் கீறினோம். வாரக்கணக்கில் மதிய உணவு முடிந்ததும் எல்லாரும் அங்கேதான்.

"சார், அங்க சாம வெளையுமா?" ஒரு பையன் கேட்டான்.

"வெளையாது. பார்லி வெளையும். மண்ணு மெலிசு. ஒலிவ மரம், திராட்ச, அத்தி."

"கறி?"

"ஆடு உண்டு. ஆனா திருவிழாவுக்குத்தான் வெட்டுவாங்க."

"நம்மள மாதிரிதான் கீறாங்க."

"சார், இன்னா ஆத்துல தண்ணியே காணோம்?" கௌசல்யா கேட்டாள். எல்லா ஆறும் வெறும் கீறலாக இருந்ததால் அப்படிக் கேட்டாள்.

"அங்க கோடையில மழையே கெடையாது. சின்ன ஆறெல்லாம் காஞ்சு கெடக்கும். அதுலதான் கழுத ஓட்டிக்கிட்டுப் போவாங்க. ஆறுதான் ரோடு."

"எங்க ஓட மாதிரி. நாங்களும் அதுலதான் வர்றோம்."

"கரெக்டா சொன்ன."

"மழ வந்தா?"

"அங்க குளிர்காலத்துலதான் மழை. அப்ப மலத் தண்ணியெல்லாம் ஒண்ணா எறங்கும். காட்டு வெள்ளம்."

"அப்ப கழுத இன்னா பண்ணும் சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி என்று தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். விடை சொல்லவில்லை. எனக்கு விடை தோன்றவும் இல்லை. அந்தப் பெண் தன்னுடைய வழியைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்தது கழுதையைப் பற்றி.

புரட்டாசியில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையில் முகட்டின் மேல் வானம் கறுத்தது. மேலே முன்பே பெய்யத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் முற்றத்தில் விழுந்தபோது மணி அடிக்கும் நேரம். யாரோ கத்தினார்கள், "சார், கிரீஸ் கரையுது!"

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். இப்போதும் அந்தக் காட்சி கண்ணில் இருக்கிறது. பிண்டஸின் இரண்டு பக்கமும் மழைநீர் பிரிந்து இறங்கியது. விரலால் கீறிய ஆறுகளில் சிவந்த தண்ணீர் நுரையோடு பாய்ந்தது. தெசலிச் சமவெளி நிரம்பி, கடலுக்குப் போகும் ஒரே இடுக்கை முட்டியது. உள்நாட்டுக் குழிக்குள் நீர் சுழித்து இறங்கி, மலைக்கு அந்தப் பக்கம் குழாய் வாயில் குபுகுபுவென்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஸ்பார்ட்டாக்காரன் மாட்டிக்கினான்டா!"

"ஏதென்ஸ்காரன் கப்பல்ல தப்பிச்சுடுவான்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு வகுப்பிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளுக்கெல்லாம் தரை பதில் சொல்வது போல இருந்தது. மணி அடித்ததும் ஸ்டெல்லா டீச்சர் தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டார்.

"சார், அந்தப் பக்கத்துப் புள்ளைங்கள அனுப்பிடலாமா? இல்ல, இங்கேயே என் வூட்ல வச்சுக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க டீச்சர். இந்த மாதிரி பாடம் மறுபடி கெடைக்காது."

கொஞ்ச நேரம் என்பது நெடுநேரமாகிவிட்டது. பிறகு தூறல் குறைந்தது. பேருந்து ஒலிப்பான் அடித்தது. "எல்லாரும் பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுக் குடையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். டீச்சர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது பின்னால்தான் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, காட்டு வெள்ளம் என்பதைப் பழைய கிரேக்கர்கள் தங்கள் பேச்சில் என்னவெல்லாம் சொல்லி அழைத்திருப்பார்கள் என்று சந்தோஷமாக யோசித்துக்கொண்டே மலையிறங்கினேன்.

ஓடை திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் பாறை நெருங்கியிருக்கும். கௌசல்யாவும் இன்னும் இரண்டு பெண்களும் அங்கே போனபோது தண்ணீர் சத்தம் கேட்டதாம். அவள் மற்ற இருவரையும் பாறைமேல் ஏற்றிவிட்டாள். தான் ஏறுவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. அவளைக் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போய் ஒரு புங்கமர வேரில் மாட்டிவிட்டது. பிள்ளைகள் வரவில்லையே என்று தேடி வந்த ஊர்க்காரர்கள் புடவையை முறுக்கிப் போட்டு இழுத்தார்கள். ஒரு கால் எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் காலை பேருந்திலிருந்து இறங்கியதும் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார்.

ஓடையில் இன்னும் தண்ணீர் போனதால், சாமைக்கொல்லைக்குக் கணவாய்மேட்டின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அன்றுதான் முதல் தடவையாக மேலே ஏறினேன்.

கல்லும் புதருமில்லை. அகலமான புல்வெளி, பள்ளிக்கட்டடம், ஒரு சாமிக்கல், அதைச் சுற்றிப் பாறையில் ஈரம் போகப் பரப்பிய தானியம். இரண்டு சரிவுகளிலிருந்தும் பாதைகள் வந்து அங்கே கூடின. ஒரு பெண் இன்னொருத்தியிடம், "உங்க அண்ணன் வூட்ல சோறு ஆக்கிட்டாங்களாம், உங்க வூட்டுக்காரரத் தேடிக்கினு கீறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் வீடு இந்தச் சரிவில், தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு அந்தச் சரிவில். நின்று விசாரித்தேன். கலியாணம், சாவு, மாடு பிடிப்பது, ஆடிப் பொங்கல், எல்லாம் முகட்டுக்குக் குறுக்கேதான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பாதி ஏற்றம் ஏறினால் அந்தப் பள்ளி. எந்த மழையிலும் நனைந்துகொண்டு வரலாமே தவிர வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது. நான் அதிகாரியிடம் எல்லை என்று காட்டிய இடம் அவர்களுக்கு நடுவீடு.

சாமைக்கொல்லையில் சடையன் வெளியே வந்தார். குள்ளமான, மெதுவாகப் பேசும் மனிதர். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் கால் ஆறியதும் அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன்.

"படிப்பு வோணாங்க சார். பொண்ணு வோணும்."

உள்ளே கௌசல்யா பச்சிலைக் கட்டோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"கழுத மாட்டிக்கிச்சு சார்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பள்ளி ஏன் கீழே வந்தது என்று சடையனிடம் சொன்னேன். பேருந்தையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்க வார்த்தைக்கு நாங்க நடந்தோம். இப்ப நீங்க நடங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் என்னை விடவில்லை.

அன்று இரவு வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் அதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஸ்டெல்லா டீச்சர் படித்துப் பார்த்தார்.

"பஸ்ஸ எதுக்கு சார் எழுதறீங்க? மழைக்காலத்த மறந்துட்டேன்னு எழுதுங்க. போதும்."

"மறக்கல டீச்சர். நெனைக்க வேணாம்னு இருந்தேன்."

"அப்ப எழுதுங்க. கமா ஒண்ணு விட்டுப்போச்சு, அதையும் போடுங்க."

எழுதினேன். கட்டட வேலை தொடங்கிவிட்டது, இனி மாற்ற இயலாது என்று பதில் வந்தது. என்னை நேரில் கூப்பிட்டு, இப்படியெல்லாம் எழுத்தில் தரலாமா என்று கேட்டார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்ட அந்தப் பெண் அதிகாரிக்கும் அதனால் பேச்சு விழுந்தது. அவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் ஏறிப் பாத்திருக்கணும் சார். அது என் தப்பு" என்றார். என் தவறில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை.

மாற்ற முடியாததைச் சுற்றி ஏதாவது செய்ய அனுமதி கேட்டேன். மழை மாதங்களில் அந்தச் சரிவுப் பிள்ளைகளுக்குக் கணவாய்மேட்டுப் பள்ளியின் ஓர் அறையில் பாடம் நடத்திக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். நான் ஆத்துக்கொல்லையில் அறை எடுத்துத் தங்கி, ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேலே நடந்தேன். ஸ்டெல்லா டீச்சரும் வந்தார், மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே. சில பிள்ளைகள் பத்தாவது முடித்தார்கள். கௌசல்யாவின் தங்கையும் முடித்தாள்.

கௌசல்யா முடிக்கவில்லை. கால் ஆறியதும் அத்தையோடு திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். புத்தகம் கொடுத்தனுப்பினேன், தனித்தேர்வு எழுதலாமே என்று. அவற்றைத் தங்கைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரு தடவை திருப்பூருக்கே போனேன். விடுதி வாசலில் நின்று பேசினாள்.

"சம்பளம் வருது சார். வூட்டுக்கு அனுப்பறேன். நீங்க சாப்ட்டீங்களா?"

அவ்வளவுதான். உள்ளே மணி அடித்தது, போய்விட்டாள்.

அந்த ஆண்டுகளில் கிரேக்க வரைபடங்களைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை முகடுகளைப் பார்க்காமல் அவற்றின் தாழ்ந்த இடங்களைப் பார்த்தேன். எத்தனை கணவாய்கள்! கோடையில் ஆட்டு மந்தைகள் உயரத்துப் புல்லுக்கு ஏறுகின்றன, குளிரில் இறங்குகின்றன, வழியில் இரண்டு நகரங்களின் எல்லையைத் தாண்டுகின்றன. சண்டை போட்ட ஊர்கள் ஒன்றுகூடி வணங்கிய டெல்ஃபி, மலைச்சரிவில் இருக்கிறது. மறுபக்கம், இணைக்கும் என்று நான் பாடிய கடலைக் குளிர்கால மாதங்களில் மாலுமிகள் பெரும்பாலும் தவிர்த்தார்கள். கப்பல்கள் கரையேறிக் கிடந்தன. என் வாக்கியம் முழுப் பொய்யல்ல. சமவெளிகள் உண்மையிலேயே தனித்தனியாகத்தான் வளர்ந்தன. ஆனால் அதில் மாதம் இல்லை. எந்த மாதத்தில் மலை பிரிக்கிறது, எந்த மாதத்தில் ஆறு பாதை, எந்த மாதத்தில் அது சுவர் என்று அது சொல்லவில்லை. காய்ந்த ஆறும் நிறைந்த ஆறும் வரைபடத்தில் ஒரே நீலக்கோடு. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது ஒரே ஆறு அல்ல. இதை நான் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் இருந்தேன். அறிவு என் பக்கத்திலேயே இருந்தது. ஆசைக்கு இடைஞ்சல் என்பதால் அதை ஓரமாக உட்காரச் சொல்லியிருந்தேன்.

உங்களையும் கேட்பார்கள். பாலம், சாலை, வாக்குச்சாவடி, விடுதி எங்கே வரலாம் என்று, புவியியல் படித்தவர் என்ற மரியாதையோடு, சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று கேட்பார்கள். பதில் உடனே நாக்கில் வந்தால், அதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று முதலில் பாருங்கள். லாபமிருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு மலையைப் பற்றிப் பேசுங்கள்.

கணவாய்மேட்டுப் பள்ளி இந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியாகிவிட்டது. உங்களில் ஒருவர் அங்கேதான் போகிறீர்கள். அது எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் நடத்தியதல்ல.

கௌசல்யா திருப்பூரிலிருந்து வந்து கணவாய்மேட்டில் வாழ்க்கைப்பட்டாள். மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர்கள் கௌசல்யாவைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக்கினார்கள். தரம் உயர்த்தக் கேட்டு மனு போட்டாள், விடாமல் போட்டாள். சென்ற கோடையில் ஓர் இளம் அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தபோது, வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். ஐப்பசியில் வந்தால் போதும், வெயிலில் வந்தால் ஒன்றும் தெரியாது என்று. அலுவலகத்தில் யாருக்கும் இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் ஐப்பசியில்தான் வந்தார்.

பழைய தலைமையாசிரியர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கௌசல்யா எங்களை முதலில் ஓடைக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் பழுப்பாக உருண்டுகொண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன்.

"சார், நீங்க பேசாம வாங்க," என்றாள் கௌசல்யா. "ஆபீசர் சார் கண்ணால பாக்கட்டும்."

பிறகு மேலே ஏறினோம். அதிகாரியின் காலணியில் சேறு அப்பியது. எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முறிந்து சேர்ந்த காலோடு எங்களுக்கு முன்னால் போய், திரும்பி நின்று, சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். மேலே போனதும் இரண்டு சரிவுகளிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்கு ஏறி வருவது தெரிந்தது, வாழையிலையும் கோணிப்பையும் தலையில் போட்டுக்கொண்டு. அதிகாரி நின்று பார்த்தார்.

வகுப்பறையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

"தலைவி எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஒம்பதாவதுங்க."

"நடுவுல நின்னுட்டீங்களா? ஏன்?"

"ஓடையில தண்ணி வந்துடுச்சுங்க."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

"தண்ணி இல்லைங்க சார்," என்றேன். "நான்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பேருந்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு நின்றதுவரை. இரண்டு பெற்றோர்களும் ஓர் ஆசிரியையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்தபோது மழை மறுபடியும் கூரையில் விழத் தொடங்கியிருந்தது.

அதிகாரி கௌசல்யாவைப் பார்த்தார். அவள் எழுந்து என் குடையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அத எந்தக் கட்டத்துல எழுதுவாரு அவரு? ஒம்பதாவதுன்னே எழுதுங்க ஆபீசர் சார். நீங்க வாங்க சார், இருட்டறதுக்குள்ள எறங்கணும். நானும் பாதி வழி வர்றேன்."